இரவு எட்டரைக்கு எத்தனை எம்பிபிஎஸ்?

வழக்கமாக நான் கெமாஸுக்குப் போவது அம்மாவைப் பார்க்க. இந்த முறை அம்மாவோடு இணைய வேகத்தையும் பார்த்துவிட்டு வரப் போனேன். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த பதினான்கு மாதம் நான் எங்கே இருப்பேன் என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த வாரத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் விரிசல். கோலாலம்பூருக்கு அழைத்து வந்து என் அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டேன். பதினோரு நாள் தாங்கினார். பன்னிரண்டாம் நாள் காலையில் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். "இங்க கதவைத் திறந்தா எதிர்க் கதவுதான் தெரியுது. ஒரு மனுஷர் 'சாப்டியா'ன்னு கேக்கலை" என்றார். அம்மாவுக்கு வயது 59. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் லயத்து வீடு அவருடையது. அதை விட்டு அசைய மாட்டார்.

அப்படியானால் நான்தான் போக வேண்டும். நான் வானொலி அறிவிப்பாளர். குரல் பதிவுகளை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்து அனுப்பலாம். நேரலை மட்டும் அப்படியில்லை. வாரம் மூன்று நாள், இரவு எட்டு மணி முதல் ஒன்பது வரை. என் மேலாளர் நல்லவர், ஆனால் நேரடியாகப் பேசுபவர். "லைன் நல்லா இருந்தா போய் இரு. ஒரு தடவை நேரலை விழுந்தா சமாளிப்போம். அதுவே வழக்கமாயிட்டா திரும்பி வந்திடணும்" என்றார்.

கே.எல். சென்ட்ரலில் இருந்து இ.டி.எஸ். ரயில். சிரம்பான் தாண்டியதும் இருபுறமும் செம்பனை. கெமாஸ் ஒரு சந்திப்பு என்பது பள்ளியில் படித்ததுதான். ஜோகூருக்குப் போகும் பாதை 1909இல் முடிந்தது. மறுபக்கம் பிரிந்து பாஹாவ் வழியாகக் காட்டுக்குள் நுழையும் கிழக்குக்கரைப் பாதை, கிளந்தானின் தும்பாட் வரை எட்டி முழுமையடைந்தது 1931இல். 2015இல் மின்சார ரயில் கெமாஸ் வரை வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு கெமாஸ்தான் அதற்குக் கடைசி நிலையம். தெற்கே போக வேண்டியவர்கள் அப்போது இங்கே இறங்கி டீசல் வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. கிழக்கே போகிறவர்களுக்கு இன்றும் டீசல்தான்.

ரயில் பாதையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990களில் இருந்தே தீபகற்ப ரயில் தடங்களை ஒட்டி ஒளியிழை வடங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஃபைபர்ரெயில் என்று அதற்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. நம் தோட்டங்களுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தின் ஓரத்து மண்ணுக்கடியில், நாட்டின் தகவல்கள் அத்தனை காலமாக ஓடிக்கொண்டிருந்தன. விரைவு ரயில் மாதிரிதான். சத்தம் கேட்கும், ஆனால் நம் லயத்துக்கு எதிரே நிற்காது.

நடைமேடையில் இறங்கியதுமே கைத்தொலைபேசியில் முதல் சோதனை. 5ஜி காட்டியது. பதிவிறக்கம் 140 எம்பிபிஎஸ். அடடா, வேலை முடிந்தது, திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன்.

பட்டணத்தில் ஒரு தாமானில் என் பள்ளித்தோழி இருக்கிறாள். வீட்டுக்கு ஒளியிழை இணைப்பு. மாதம் 99 வெள்ளிக்கு 100 எம்பிபிஎஸ். மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்தால் 94. பின்பக்கச் சமையலறைக்குப் போனால் 22. "மாசாமாசம் நூறு குடுக்கிறேன், இருபத்திரண்டுதான் வருது, ஏமாத்துறாங்க" என்று தோழி கொதித்தாள். அந்தக் கோபத்தில் பாதி நியாயம்தான். நூறு வீடு வரை ஒழுங்காக வந்து சேர்கிறது. மோடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே மூன்று செங்கல் சுவரும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் நின்று மீதியை விழுங்குகின்றன. மோடத்தைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள், அழகாக இல்லையாம். அதைக் கூடத்தின் நடுச்சுவரில் உயரத்தில் வைத்தோம். சமையலறையில் 51 வந்தது. மீன் குழம்பு சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து வைத்துக்கொண்டாள்.

இன்னொரு குழப்பமும் அவளுக்கு இருந்தது, நம்மில் பலருக்கும் இருப்பதுதான். விளம்பரத்தில் வரும் 100 என்பது மெகாபிட். நாம் இறக்கும் கோப்பின் அளவு மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் வரும். கணினியில் 12 என்று பார்த்துவிட்டு சண்டைக்குப் போக வேண்டாம்.

தோட்டம் அங்கிருந்து சில மைல்தான். கெமிஞ்சே சாலையில் போய் உள்ளே திரும்ப வேண்டும். அந்தச் சாலையில்தான் 1942 ஜனவரியில், சுங்கை கெலாமா பாலத்தில், ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கினார்கள். நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போகப்பட்ட தோட்டத்துத் தமிழர்களையும் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தாத்தாவின் அண்ணன் ஒருவர் போனார், வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

செம்மண் பாதையில் பழக் குலை ஏற்றிய லோரி போனால் ஐந்து நிமிடம் கண்ணாடியை ஏற்றி வைத்திருக்க வேண்டும். தோட்டத்து வளைவுக்கு வருவதற்குள் 5ஜி என்ற எழுத்து மறைந்து 4ஜி ஆனது. அலுவலகத்தைத் தாண்டியதும் இரண்டு கோடு. எங்கள் லயம் சற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. ஒரு கோடு.

அம்மா வீட்டில் முதல் நாள் நான் எடுத்த அளவுகள் இவை. பிற்பகல் இரண்டு மணி, முன் அஞ்சடியில் நின்றால் 11. அறைக்குள் போனால் 3. கூரை தகரம், அதைத் தாண்டி அலை உள்ளே வருவது கஷ்டம். விடிகாலை ஐந்தரைக்கு அதே அஞ்சடியில் 38, பதிவேற்றம் 9. எனக்கு வேண்டிய இரவு எட்டரைக்கு பதிவிறக்கம் 1.8, பதிவேற்றம் 0.3. பிங் 190 மில்லி நொடி. மூன்று இரவு மாற்றி மாற்றி எடுத்தேன். எட்டரை மணி அப்படியேதான் இருந்தது.

நான் சுவரோரம், வாசலோரம், துணிக்கொடியோரம் என்று கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னாத்துக்கு அதை எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்தி வர்ற?" என்றார். காலையில் 38 இருக்கிறது, இரவில் 2 கூட இல்லை என்று சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "பைப்பு மாதிரிதானே" என்றார்.

எங்கள் லயத்தில் முன்பு பொதுக்குழாய் ஒன்றுதான். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் யார் முதலில் திறந்தாலும் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் வேலை முடிந்து குளிக்க வந்தால் கயிறு போல மெலிந்துவிடும். குழாய் அதேதான், தொட்டியும் அதேதான், ஆட்கள்தான் அதிகம். கைத்தொலைபேசிக் கோபுரமும் அப்படித்தான். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்த நேரத்தில் பயன்படுத்துகிற அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஊடகப் படிப்பில் இதற்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுத்தார்கள். அம்மாவுக்கு அரிசி களையும் நேரம் போதுமானதாக இருந்தது.

அப்போதும் எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. நேரலையில் என் குரலை அனுப்ப 64 முதல் 128 கேபிபிஎஸ் இருந்தால் போதும். 0.3 எம்பிபிஎஸ் என்றால் 300 கேபிபிஎஸ். எண்ணைப் பார்த்தால் தாராளம். ஆனால் முதல் ஒத்திகையில் நிலையத்திலிருந்த நண்பர், "அக்கா, நீங்க 'வணக்கம்' சொன்னா 'வ... கம்'னுதான் வருது" என்றார். சராசரி வேகம் போதும், வரத்து ஒழுங்காக இல்லை. ஒரு நொடி 600, அடுத்த நொடி பூஜ்யம். படம் பார்க்கிறவருக்கு இது தெரியாது. முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் படம் ஓடுகிறது. நேரலைக்கு அப்படிச் சேர்த்து வைக்க நேரமில்லை. வீட்டு இணைப்புகளை ஒப்பிடும்போது நாம் பதிவிறக்க எண் ஒன்றைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வீட்டில் இருந்து வேலை செய்கிறவருக்கும், இணையவழி வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கும், பதிவேற்றமும் பிங்கும்தான் சோறு போடுகின்றன.

பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் கதை வேறு. அரை மணி நேரப் பேட்டியைச் சுருக்காமல், ஸ்டீரியோவில் அனுப்பினால் ஏறத்தாழ 317 மெகாபைட். விடிகாலை 9 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் போய்விடும். இரவு எட்டரையின் 0.3இல் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். அதுவும் நடுவில் அறுந்து போகாமல் இருந்தால்.

வீட்டுக்கு ஒளியிழை கேட்கலாமே என்று தோன்றும். கேட்டேன். விண்ணப்பப் படிவத்தில் சாலைப் பெயர் கேட்டது. எங்கள் லயத்துக்குச் சாலைப் பெயர் கிடையாது. மூன்றாம் லயம், பதினான்காம் வீடு, அவ்வளவுதான். கடிதங்கள் எல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், கிராணி கொடுத்தனுப்புவார். தொலைபேசியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க இடத்துல போர்ட் இல்லைங்க" என்றார். இந்த 'போர்ட் இல்லை' நம் ஊரில் புதிதல்ல. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்த காலத்திலும் இதே பதில்தான். அப்போது செம்புக் கம்பி. தொலைபேசி நிலையத்தில் இருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனாலே வேகம் தேய்ந்துவிடும். அலுவலகத்தில் மட்டும் தொலைபேசி இருந்த தோட்டங்களில் கம்பியே இல்லை, தேய என்ன இருக்கிறது. 2010இல் யூனிஃபை வந்து ஒளியிழை பட்டணத்து வீடுகளுக்குள் நுழைந்தது. 2020இல் ஜெண்டேலா திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 இறுதியில் 3ஜி மூடப்பட்டது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் நல்லதையே செய்தது. லயத்தில் இன்றைக்கு 4ஜி ஒரு கோடாவது இருக்கிறதே.

கிராணி வேறொரு விஷயம் சொன்னார். தோட்டம் தனியார் நிலம். கம்பம் நடவோ, பள்ளம் தோண்டவோ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், "நாப்பது வீட்டுல இப்ப பதினேழு குடும்பம்தான். அதுலயும் பாதிப் பேர் ரெண்டு மூணு வருஷத்துல போயிருவாங்க. யாரை நம்பிம்மா அவங்க கம்பி இழுப்பாங்க?" என்றார். அலுவலகத்தில் நிர்வாகத்துக்கென்று தனி இணைப்பு உண்டு. என்னை அளக்க விட்டார். 30. என் தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. தொழிலாளர் வீட்டுக்கான குறைந்தபட்ச வசதிகளைச் சொல்லும் சட்டம் 1990ஆம் ஆண்டினுடையது. தண்ணீர், மின்சாரம் என்று அன்றைக்கு எது இல்லாமல் வாழ முடியாதோ அதை எழுதினார்கள். இன்றைக்கு எழுதினால் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

நான்காம் இரவு கோயில் பக்கம் போனேன். மாரியம்மன் கோயில் சற்று மேட்டில் இருக்கிறது. மண்டபத் திண்ணையில் அடுத்த லயத்துப் பெண் புத்தகத்தை விரித்து, கைத்தொலைபேசியைத் தூணில் சாய்த்து வைத்திருந்தாள். ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். எழுதுகிறாள். இரவு எட்டரைக்கு இணையவழிக் கணித வகுப்பு. "இங்கதான்க்கா விழாம இருக்கும். மழை பேஞ்சா மட்டும் அம்மா விடமாட்டாங்க" என்றாள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி அலைக்காக மரத்தில் ஏறித் தேர்வு எழுதியது நாடு முழுக்கச் செய்தியானது. கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் செய்தி ஆகாது. அங்கே அளந்தேன். 6.4, பதிவேற்றம் 1.9. நான் சோதனையை ஓட்டிய நேரத்தில் அவளுடைய ஆசிரியர் திரையில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். வேகச் சோதனை என்பது குழாயை முழுதாகத் திறந்து பார்ப்பது, பக்கத்தில் நிரம்பிக்கொண்டிருக்கும் குடத்துக்கு அது தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு அந்த இடத்தில் அளக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் வடிகால் திட்டில் வங்காளதேசத் தொழிலாளர் ஒருவர் காணொலி அழைப்பில் இருந்தார். திரையில் மூன்று நான்கு வயதுப் பெண் குழந்தை, வாயில் எதையோ மென்றுகொண்டு. அவருக்கு அது வேலை முடிந்த நேரம், அங்கே அது சாப்பாட்டு நேரம். எனக்கு அது நேரலை நேரம். நாங்கள் எல்லாரும் அந்த ஒரே கோபுரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறோம். அவருடைய அழைப்பில் ஒரு கீற்றை எடுத்துத்தான் நான் 'வணக்கம்' சொல்ல வேண்டும்.

துணைக்கோளம் ஒரு வழி. ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தபோது சாதனத்துக்கு 2,300 வெள்ளி, மாதம் 220 வெள்ளி என்றார்கள். பழைய வகைத் துணைக்கோளங்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். இது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் பதினான்கு மாதத்துக்காக அவ்வளவு செலவா என்று யோசித்தேன். கூரையில் தட்டு வைக்கவும் நிர்வாக அனுமதி வேண்டும். கடைசியில் செய்தது எளிமையானது. வெளி ஆண்டெனா பொருத்தும் வசதியுள்ள ஒரு 4ஜி மோடம், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம், ஒன்று தடுமாறினால் மற்றது ஏற்றுக்கொள்ளும்படி அமைப்பு. ஆண்டெனாவை அஞ்சடித் தூணோடு கட்டிய இரும்புக் குழாயின் உச்சியில் ஏற்றி, கூரைக்கு மேலே கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பினோம். மாமா ஏணியில் நின்று திருப்ப, நான் கீழே நின்று "இன்னும் கொஞ்சம்... இல்ல, பின்னால" என்று கத்த, லயமே வேடிக்கை பார்த்தது. எட்டரை மணிக்குப் பதிவேற்றம் 1.6 வந்தது. பிங் 60க்குக் கீழே.

நீங்கள் உங்கள் வீட்டில் அளந்து பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். மதியம் அளக்காதீர்கள். வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில், நீங்கள் உண்மையில் உட்காரும் நாற்காலியில் இருந்து, மூன்று இரவு அளங்கள். முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது எண்ணைப் பாருங்கள். அதற்குப் பிறகு தொகுப்பை மாற்றுவதா, மோடத்தை நகர்த்துவதா என்று யோசிக்கலாம்.

முதல் நேரலை ஒரு செவ்வாய்க்கிழமை. அறைக்குள் மெத்தையைச் சுவரில் சாய்த்து, அம்மாவின் சேலைகளைக் கொடியில் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைத்தேன். நாற்பத்தொரு நிமிடம் ஒரு பிசிறும் இல்லை. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் நேயர் ஒருவர் தன் மகள் நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் குரல் ஒன்பது நொடி காணாமல் போனது. நிலையத்தில் நண்பர் பாடலைப் போட்டுக் காப்பாற்றினார். மேலாளர் அன்றிரவே, "ஒண்ணு ஆச்சு" என்று குறுஞ்செய்தி அனுப்பினார். பிறகு, "ரெண்டு மாசம் பார்ப்போம்" என்று இன்னொன்று.

இடையில் ஒரு சிக்கல் வந்தது, அதை எந்தச் சோதனையும் சொல்லவில்லை. அம்மா சமையலறையில் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார். என் குரல் கெமாஸில் இருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஒலிபரப்பாகி, இரண்டு நொடி கழித்துச் சமையலறைக்கு வந்து, சுவரைத் தாண்டி என் ஒலிவாங்கிக்குள்ளேயே நுழைந்தது. முதல் பாடல் ஓடும்போது ஓடிப் போய், "அம்மா, அதைக் கொஞ்சம் அணைங்க, ரெண்டு தடவை கேக்குது" என்றேன்.

"அணைச்சிட்டேன், அணைச்சிட்டேன்" என்றார். "நீ இங்க உள்ள பேசுறதே கேக்குது." பிறகு நாற்காலியை இழுத்து என் அறைக் கதவோரம் போட்டுக்கொண்டு, பச்சைமிளகாய் கிள்ளத் தொடங்கினார்.